பாந்தியனைக் கட்டியது யார் என்று செங்கல்லைக் கேளுங்கள்

கேள்வி – 3 மார்ச்

கிரேக்க, ரோமானியக் கோயில்களையும் அரங்குகளையும் தோண்டுகிறார்கள், சரி. ஆனால் குயவர் சூளையையும் அதன் குப்பைமேட்டையும் வருஷக்கணக்காகத் தோண்டி, உடைந்த ஓடு ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு மூட்டை கட்டுவதில் அப்படி என்ன இருக்கிறது? அந்தக் காசில் இன்னும் இரண்டு கோயிலை வெளியே கொண்டுவரலாமே. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

3 மார்ச், இரவு

ரோமிலிருந்தே தொடங்குகிறேன். பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலின் முகப்பில் பெரிய எழுத்தில் வெட்டியிருக்கிறது: லூசியஸின் மகன் மார்க்கஸ் அக்ரிப்பா, மூன்றாம் முறை கான்சலாக (ரோமின் உச்ச ஆட்சிப் பதவி, ஆண்டுதோறும் ஆள் மாறும்) இருந்தபோது கட்டினான் என்று. அக்ரிப்பாவின் மூன்றாம் கான்சல் பதவி கி.மு. 27-ல். கல்வெட்டே சொல்லும்போது மறுப்பதற்கு என்ன இருக்கிறது? நெடுங்காலம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1892-ல் ஜார்ஜ் ஷெதான் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் சுவருக்குள்ளிருந்த செங்கற்களை எடுத்துப் பார்த்தார். அவற்றில் இருந்த சூளை முத்திரைகள் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பேரரசர் ஹாட்ரியன் காலத்தவை. அக்ரிப்பா கட்டியது எரிந்துபோய், அவர் காலத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு அதே இடத்தில் புதிதாக எழுந்த கட்டடம்தான் இன்று நாம் அண்ணாந்து பார்ப்பது. பழைய பெயரை மட்டும் முகப்பில் மறுபடி வெட்டிவிட்டார்கள்.

ரோம் நகரத்துச் செங்கல் முத்திரை கொஞ்சம் விவரமானது. களிமண் நிலம் யாருடையது, சூளை எது, நடத்தியவர் யார், சிலவற்றில் அந்த வருஷத்துக் கான்சல்கள் யார் என்பது வரை ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடும். கி.பி. 123-ஆம் ஆண்டுக் கான்சல்கள் பேட்டினஸ், அப்ரோனியானஸ் பெயர் போட்ட செங்கல் ரோமின் எத்தனையோ கட்டடங்களில் கிடைக்கிறது. ஆக, கோயிலின் வயதைச் சொன்னதே சூளைதான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்டால் எப்படி?

4 மார்ச், காலை

அந்த முத்திரைகளில் பெண்கள் பெயர் உண்டா என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். நிறைய உண்டு. ரொம்பப் பெரிய செங்கல் சொத்துக்காரர்களில் ஒருவர் தொமிஷியா லூசில்லா, பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸின் தாய். அந்தச் சூளைகள் அவருக்குத் தாய்வழியில் வந்தவை. அவர் பெயருக்குக் கீழே வேலையை நடத்திய அடிமைகள், விடுதலை பெற்ற அடிமைகள் பெயர்களும் வரும். பளிங்குக் கல்வெட்டில் இவர்களுக்கு யார் இடம் கொடுத்தார்கள்? செங்கல்லின் முதுகில் இருக்கிறார்கள்.

4 மார்ச், மதியம்

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். முத்திரை சொல்வது செங்கல் அறுத்த காலத்தை. சுவரில் வைத்த காலம் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அடுக்கி வைத்துப் பிறகு எடுத்திருக்கலாம், இடித்த கட்டடத்திலிருந்து கொண்டுவந்திருக்கலாம். பாந்தியனிலேயே இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. 2007-ல் லிசே ஹெட்லான்ட் என்ற ஆய்வாளர் அந்த முத்திரைகளை மறுபடி எடுத்து வைத்து, பெரும்பாலானவை ஹாட்ரியனுக்கு முந்தைய பேரரசர் டிராஜன் காலத்தவை, வேலை தொடங்கியதே டிராஜன் ஆட்சியில்தான் என்று வாதிட்டார். ஹாட்ரியனின் கட்டடம் என்று பள்ளிப் புத்தகம் வரை ஏறிவிட்ட ஒன்று. எனக்கு அவர் வாதம் சரியாகவே படுகிறது. அந்த வாதத்துக்கும் ஆதாரம் செங்கல்தான், அதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

7 மார்ச்

சூளையைத் தோண்டினால் கண்ணுக்கு என்ன தெரியும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் புதுச்சேரிக்காரன், பல வருஷமாகத் தெற்குப் பிரான்ஸில் மோன்பெலியே பக்கம் இருக்கிறேன். கோடை விடுமுறையில் தன்னார்வலராக அகழாய்வுகளுக்குப் போவது வழக்கம். படித்தது வேறு, வேலை வேறு. இதில் எனக்குப் பட்டம் எதுவும் கிடையாது, கையால் தொட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

முதலில் தெரிவது நிறம். மேல்மண்ணை வழித்துவிட்டால் வெளிர்ந்த மண்ணுக்கு நடுவே ஒரு சிவப்பு வளையம் தெரியும். தீயின் சூட்டில் வெந்த மண். வளையத்தின் உள்பக்கம் போகப்போகச் சாம்பல் நிறமாகி, சில இடத்தில் பச்சையாகக் கண்ணாடி போல உருகிப் பளபளக்கும். வளையத்தின் ஒரு பக்கம் நீளமாக ஒரு வாய் இருக்கும், அதற்கு முன்னால் ஒரு பள்ளம். சூளைக்காரன் நின்று விறகு தள்ளிய பள்ளம் அது. எனக்கு எந்தச் சூளையிலும் பிடித்த இடம் அதுதான். சாம்பல், மண், மறுபடி சாம்பல் என்று மெல்லிசாக அடுக்கடுக்காக வரும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் வழித்துப் போட்டது. அதைக் குறுக்கே வெட்டி, பக்கவாட்டில் நின்று, அடுக்கு அடுக்காக வரைய வேண்டும். அவசரக்காரருக்கு ஏற்ற வேலை இல்லை.

கீழே தீயறை. அதன்மேல் துளைகள் போட்ட தளம், பானை அடுக்குவது அதன்மேல். தளத்தைத் தாங்க நடுவே ஒரு தூணோ, குறுக்குச் சுவர்களோ இருக்கும். கூரை அநேகமாகக் கிடைக்காது. மண்ணுக்கு மேலே இருந்த பகுதி ஏர் பட்டு எப்போதோ போயிருக்கும். சில வகைச் சூளைகளில் ஒவ்வொரு முறையும் கூரையைப் பிரித்துப் புதிதாகப் போட்டார்கள் என்பதும் ஒரு காரணம்.

சூளையைவிடக் குப்பைமேட்டில்தான் விஷயம் அதிகம். சூடு ஏறிப்போய், தட்டுகள் ஒன்றோடொன்று நமுத்த அப்பளக் கட்டு போல ஒட்டி வளைந்து கிடக்கும். இவற்றை யாரும் விலைக்கு வாங்கியிருக்க முடியாது, வேறு ஊரிலிருந்து வந்திருக்கவும் முடியாது. இங்கேதான் செய்தார்கள் என்பதற்கு இதைவிட உறுதியான சாட்சி இல்லை. நல்ல பானை ஊர் ஊராகப் போய்விடும், கெட்டுப்போனது பிறந்த இடத்திலேயே கிடக்கும்.

பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஓடு கழுவிக்கொண்டிருந்த ஒரு மதியம். சிவப்புப் பூச்சுள்ள கிண்ணத்தின் அடிப்பாகம் கைக்கு வந்தது. வட்டமான பாதத்துக்குப் பக்கத்தில் மட்டும் பூச்சு இல்லாமல் முட்டை வடிவில் சில திட்டுகள். என் விரலை வைத்துப் பார்த்தேன், பொருந்தியது. கிண்ணத்தைக் கவிழ்த்துப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு பூச்சுக்கான களிமண் குழம்பில் முக்கியிருக்கிறார்கள், விரல் பட்ட இடத்தில் பூச்சு ஏறவில்லை. ஒரு திட்டில் ரேகைகூடத் தெரிந்தது. பக்கத்திலிருந்த பொறுப்பாளர் அம்மாள், இது ரொம்பச் சாதாரணம், ஆயிரக்கணக்கில் உண்டு என்றார். எனக்கு அது சாதாரணமாக இல்லை, இன்றுவரை இல்லை.

8 மார்ச்

அந்தச் சிவப்புப் பளபளப்பு கண்ணாடிப் பூச்சு என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. டெர்ரா சிகில்லாட்டா என்று நாம் சொல்லும் அந்தப் பாண்டங்களின் பூச்சும் களிமண்தான். களிமண்ணை நீரில் கரைத்து, கனமானது அடியில் தங்கவிட்டு, மேலே மிதக்கும் மிக நுண்ணிய பகுதியை மட்டும் எடுத்து அதில் முக்குவார்கள். சூட்டில் அது இறுகி மினுமினுக்கும். சிவப்பாக வேண்டுமென்றால் சூளைக்குள் காற்று நன்றாகப் போக வேண்டும், புகையோ தணலோ பானையைத் தொடவே கூடாது. அதனால் தெற்கு காலியா, அதாவது இன்றைய தெற்குப் பிரான்ஸில், சூளைக்குள் சுடுமண் குழாய்களை நிறுத்தி, அனல் அந்தக் குழாய் வழியாகவே மேலே போகும்படி செய்தார்கள். குழாயின் சூட்டில் பானை வேகும். 1000 டிகிரியை ஒட்டிய வெப்பம். உடைந்த குழாய்த் துண்டுகள் குப்பைமேட்டில் கூடை கூடையாக வரும்.

ஏதென்ஸ் கறுப்புப் பாண்டத்தின் வித்தை வேறு. அங்கேயும் அதே மாதிரி நுண்களிமண்தான், நிறம் கொடுப்பது அந்தக் களிமண்ணிலுள்ள அதே இரும்புதான். முதலில் காற்று விட்டுச் சுட்டால் எல்லாம் சிவக்கும். பிறகு வாயை அடைத்துப் பச்சை விறகு போட்டால் புகையில் எல்லாம் கறுக்கும். அந்த நேரத்தில் சூடு 900 டிகிரியை ஒட்டிப் போகும்போது பூச்சு மட்டும் இறுகி அடைபட்டுவிடும். கடைசியில் மறுபடி காற்றைத் திறந்தால் பானையின் உடம்பு சிவப்புக்குத் திரும்பும், அடைபட்ட பூச்சு கறுப்பாகவே நிற்கும். ஒரே சூட்டில் மூன்று கட்டம். இதை ஜெர்மானியரான தியோடோர் ஷூமன் 1942-ல் சோதித்து விளக்கினார். அதுவரை இது பெரிய புதிர்.

வெப்பமானி இல்லாமல் எப்படி அளந்தார்கள்? நடுவில் ஓட்டை போட்ட சோதனைத் துண்டுகளைச் சூளையில் வைத்து, இடையிடையே கம்பியால் கொக்கி போட்டு இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். கிரேக்கச் சூளைப் பகுதிகளில் அந்தத் துண்டுகளே கிடைத்திருக்கின்றன. கொரிந்துக்குப் பக்கத்தில் பென்தெஸ்கூஃபியாவில் 1879-ல் கிடைத்த சுடுமண் பலகைகளில் சூளையையே படமாக வரைந்திருக்கிறார்கள். சூளைமேல் ஏறி நிற்கும் ஆள், விறகு தள்ளும் ஆள், உள்ளே அடுக்கிய குடங்கள் எல்லாம் தெரியும். சாமிக்குப் படைத்த பலகைகள் அவை. சூளை வேலையில் சாமியைக் கும்பிடாமல் முடியாது, எங்கள் வில்லியனூர்க் குயவர்களும் அதையே சொல்வார்கள்.

9 மார்ச்

இனி லா கிராஃபசாங். இதைச் சொல்லத்தான் இத்தனை நாள் சுற்றி வந்தேன்.

தெற்குப் பிரான்ஸில் மில்லோ என்ற ஊருக்குப் பக்கத்தில், தார்ன் ஆறும் தூர்பி ஆறும் சேரும் இடம். உயரமான பாலத்துக்காக மில்லோவைப் பலருக்குத் தெரியும். பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் இது கொந்தாத்தோமாகுஸ் என்ற குயவர் ஊர். பிரிட்டனிலிருந்து வடஆப்பிரிக்கா வரை மேசைக்குச் சிவப்புத் தட்டு போனது இங்கிருந்துதான். 1901 முதல் 1906 வரை அபே எர்மே என்ற பாதிரியார் தோண்டினார், 1934-ல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். பிறகு பலர் வந்தார்கள். அலேன் வெர்னே பல வருஷம் அங்கே உழைத்தார். பெரிய சூளையைப் பற்றிய அவரது அறிக்கை 1981-ல் காலியா என்ற ஆய்விதழில் வந்தது.

அந்தச் சூளைதான் ஆளை அசத்துவது. வெளி அளவு கிட்டத்தட்ட 11 மீட்டருக்கு 7 மீட்டர். சுமார் கி.பி. 80 முதல் 120 வரை எரிந்திருக்கிறது. ஒரே தடவையில் பல பத்தாயிரம் பாண்டங்கள் போடலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஊகம்தானே என்று நினைப்பீர்கள். இல்லை, கணக்குச் சீட்டே கிடைத்திருக்கிறது.

சூளையில் ஏற்றும்போது, இன்னும் சுடாத ஒரு தட்டின் அடியில் கூர்மையான ஆணியால் பட்டியல் எழுதியிருக்கிறார்கள். இந்தக் குயவன், இந்த வகைப் பாண்டம், இந்த அளவு, இத்தனை எண்ணிக்கை. வரி வரியாக, பத்தி பிரித்து. எத்தனையாவது சூளை என்பதுகூடத் தலைப்பில் இருக்கும். பிறகு அந்தத் தட்டையும் சுமையோடு சேர்த்துச் சுட்டுவிடுவார்கள். பல பட்டியல்களைக் கூட்டிப் பார்த்தால் 25,000, 30,000 என்று வருகிறது. பாதி லத்தீன், பாதி காலிய மொழி. ரோபேர் மாரிஷால் 1988-ல் இவற்றையெல்லாம் படித்து வெளியிட்டார். ஒரே பட்டியலில் பல குயவர்களின் பெயர் வருவதால் சூளை பொது, சக்கரம் அவரவருடையது என்று தெரிகிறது. யாருடைய தட்டு எது என்று சூளையைப் பிரிக்கும்போது சண்டை வராமலிருக்க இந்த ஏற்பாடு.

இன்னொரு ஓட்டில் அத்தேலியா என்ற பெண்மணியின் அடிமைகளுடைய வேலைக் கணக்கு இருக்கிறது. கோடையில் ஒரு மாதம், யார் களிமண் வேலைக்கு, யார் மர வேலைக்கு, யார் சந்தைக்கு, எத்தனை நாள் என்று. எந்த வரலாற்று ஆசிரியர் இதை எழுதி வைத்தார்? தாசிட்டஸ் எழுதவில்லை. எழுதியவர் கையில் ஆணியோடு நின்ற ஒரு கணக்குப்பிள்ளை.

9 மார்ச், இரவு

விட்டுப்போனது ஒன்று. அங்கே கிடைத்தது சூளை மட்டும் இல்லை. தெரு, வாய்க்கால், குயவர் வீடுகள், பட்டறைகள், சிறு கோயில்கள் எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. கோயிலா சூளையா என்று பிரித்துக் கேட்டவர் அந்தத் தெருவில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.

10 மார்ச்

சுமை முழுக்கக் கெட்டுப்போனால் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு: குழி வெட்டிக் கொட்டிவிடுவார்கள். நமக்கு அது பொக்கிஷம். ஒரே நாளில் கொட்டியது என்பதால், எந்தெந்தக் குயவர்கள் ஒரே காலத்தில் வேலை செய்தார்கள் என்பதை, பாண்டத்தில் அவர்கள் குத்திய பெயர் முத்திரையை வைத்தே சொல்லிவிடலாம். அவர்களுக்கு அது பல வாரத்து உழைப்பு, ஒரு மலைச்சரிவு விறகு.

13 மார்ச்

முத்திரையை வைத்து வருஷம் சொல்வது வட்டவாதம் ஆகாதா என்று கேட்டிருக்கிறார் ஒருவர். சரியான கேள்வி. எங்கேயாவது ஒரு இடத்தில் வெளியிலிருந்து ஒரு தேதி கிடைத்தால்தான் சங்கிலி நிற்கும்.

லா கிராஃபசாங்குக்கு அந்தத் தேதியைக் கொடுத்தது இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை. 1881-ல் பொம்பெயியில் ஒரு வீட்டைத் தோண்டும்போது, பிரிக்காத ஒரு சரக்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே தெற்கு காலியாவிலிருந்து வந்த 90 அலங்காரக் கிண்ணங்கள், கூடவே 37 விளக்குகள். விளக்குகள் வடஇத்தாலியச் சரக்கு. கடைக்குப் போகவில்லை, மேசைக்கு வரவில்லை. கி.பி. 79-ல் சாம்பல் மூடியபோது அப்போதுதான் வந்து இறங்கிய புதுச் சரக்கு. டொனால்ட் ஆட்கின்சன் 1914-ல் இதை ஆராய்ந்து எழுதினார். அந்தக் கிண்ணங்களில் மொம்மோ என்ற குயவரின் முத்திரை நிறைய. இனி பிரிட்டனில் ஒரு கோட்டையின் பள்ளத்தில் மொம்மோவின் கிண்ணம் கிடைத்தால், அந்தப் பள்ளம் எந்தக் காலத்தது என்பதற்கு ஒரு பிடி கிடைத்துவிடும்.

இத்தாலிக்கே காலியாவிலிருந்து தட்டு போயிருக்கிறது பாருங்கள். இந்தச் சிவப்புப் பாண்டம் பிறந்து புகழ் பெற்றது இத்தாலியின் அரெட்சோவில். இரண்டு தலைமுறைக்குள் வியாபாரம் தலைகீழாகிவிட்டது.

14 மார்ச்

அரெட்சோ என்றதும் அரிக்கமேடு ஞாபகம் வராமல் இருக்குமா என்று ஊர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கும் நேற்று எழுதும்போதே கை அரித்தது.

அரிக்கமேடு இருக்கும் காக்காயன்தோப்பில் ஆற்றங்கரையில் கிடைத்த அந்தச் சிவப்பு ஓடுகளை 1944-ல் புதுச்சேரி வந்த தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் பார்த்தார். அதற்கு முன்பே ழுவோ துப்ரேய் போன்றவர்கள் அந்த இடத்தின் அருமையைத் தெரிந்து சொல்லியிருந்தார்கள், அதை மறந்துவிடக் கூடாது. 1945-ல் வீலர் தோண்டினார். அரெட்சோ வகை ஓடுகள், முத்திரையோடு சில. ஆம்போரா ஜாடித் துண்டுகள். அந்தச் சிவப்பு ஓடு கிடைத்த மண்ணடுக்கை கி.பி. முதல் நூற்றாண்டின் முதல் பாதி என்று அவர் வைத்தார். தென்னிந்தியத் தொல்லியலில் அதுவரை இல்லாத உறுதியான ஒரு தேதி அது. அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் கணித்தார்கள்.

அந்தத் தேதி எங்கிருந்து வந்தது? ஜெர்மனியிலிருந்து. ஹால்டெர்ன் என்ற ரோமானிய ராணுவ முகாமில் கிடைத்த சிவப்புப் பாண்டங்களை லோஷ்கே 1909-ல் வகைப்படுத்தினார். கி.பி. 9-ல் ரோமானியத் தளபதி வாருஸின் படை ஜெர்மானியரிடம் தோற்று அழிந்தபோது அந்த முகாமும் கைவிடப்பட்டது என்பது பெரும்பாலோர் கருத்து. அதற்கும் முந்தியது ஓபராடன் முகாம். அங்கே மரத்தூண்களின் ஆண்டு வளையங்களை எண்ணி, மரம் வெட்டியது கி.மு. 11-ல் என்று சொல்லிவிட்டார்கள். இந்த முகாம்களில் எந்த வகைத் தட்டு இருக்கிறது, எது இல்லை என்று பார்த்துத்தான் அரெட்சோ தட்டுகளுக்கு வயது போட்டார்கள். ஜெர்மன் காட்டில் சிப்பாய் சாப்பிட்ட தட்டு, அரியாங்குப்பம் ஆற்றங்கரைக்கு வயது சொல்லியிருக்கிறது.

பிற்பாடு விமலா பெக்லி 1989 முதல் 1992 வரை அங்கே மறுபடி தோண்டி, ஊர் ரோமானியச் சரக்கு வருவதற்கு வெகு முன்பே இருந்தது என்று காட்டினார். ரோமானியர் வந்து உண்டாக்கிய ஊர் இல்லை அது. இதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

20 மார்ச்

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, ரோம் சரி, கிரேக்கத்துக்கு என்ன சொல்கிறீர்கள் என்கிறார். ஏதென்ஸின் பழைய சந்தைவெளியான அகோராவில் மத்திய ஸ்டோவா என்ற நீண்ட தூண் மண்டபம். கல்வெட்டுத் தேதி கிடையாது. அதன் அடித்தளத்தை நிரப்பக் கொட்டிய மண்ணில் ரோட்ஸ் தீவு ஜாடிக் கைப்பிடிகள் கிடைத்தன, ஒவ்வொன்றிலும் முத்திரை. ரோட்ஸ் முத்திரையில் அந்த ஆண்டுக்குரிய அதிகாரியின் பெயர் இருக்கும். வர்ஜீனியா கிரேஸ் தன் வாழ்நாளையே அந்தக் கைப்பிடிகளுக்குக் கொடுத்தவர். 1985-ல் அவற்றை வைத்தே கட்டட வேலையின் காலத்தை கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுத்தினார். அடித்தள மண்ணில் கிடைக்கும் மிகப் பிந்திய ஓடு எதுவோ, அதற்கு முன் அந்தக் கட்டடம் எழுந்திருக்க முடியாது. கணக்கு அவ்வளவுதான்.

சிசிலியில் செலினுந்தே என்ற கிரேக்க நகரத்தையும் பாருங்கள். மலைமேல் வரிசையாக மாபெரும் கோயில்கள், சுற்றுலாக்காரர்கள் போட்டோ எடுப்பது அவற்றைத்தான். அதே நகரின் கிழக்கு ஓரத்தில் மதிலை ஒட்டிக் குயவர் பகுதி. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகம் 2010 முதல் அங்கே வேலை செய்து, 80-க்கும் மேற்பட்ட சூளைகளைக் கண்டது. சிலவற்றின் விட்டம் 7 மீட்டர் வரை. கி.மு. 409-ல் கார்த்தேஜ் படை நகரத்தை அழித்தபோது எல்லாம் நின்றுபோனது. இத்தனை சூளை எதற்கு? பாண்டத்துக்கு மட்டுமில்லை, கூரை ஓட்டுக்கும். கிரேக்க நகரத்தில் வீட்டுக்கு வீடு ஓட்டுக்கூரை. அந்த ஓடு வெந்த இடம் இது. பெரும்பாலான சூளைகளை முதலில் தோண்டிக்கூடப் பார்க்கவில்லை, காந்த அளவீட்டுக் கருவியோடு மேலே நடந்தே கண்டுபிடித்துவிட்டார்கள்.

21 மார்ச்

காந்தம் எப்படி என்று உடனே மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். களிமண்ணில் இரும்புத் தாதுக்கள் உண்டு. நன்றாகச் சூடாகிக் குளிரும்போது, அந்த நேரத்தில் பூமியின் காந்தப்புலம் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தத் திசையை அவை பிடித்து வைத்துக்கொள்ளும். சூளைச் சுவர் இடம் மாறாது. அதனால் கடைசியாகச் சுட்ட நாளின் திசை அதில் அப்படியே இருக்கும். பூமியின் காந்தத் திசை நூற்றாண்டுதோறும் நகர்வதால், அந்த நகர்வின் வரைபடத்தோடு ஒப்பிட்டால் காலம் தெரியும். பிரான்ஸில் எமில் தெலியே இதற்கு வழி காட்டினார். சில பத்தாண்டு முன்பின் இருக்கும். பானையை வைத்து இந்தத் திசையைச் சொல்ல முடியாது, அது கை மாறிக் கை மாறி எங்கெங்கோ போயிருக்கும்.

29 மார்ச்

சலேல் தோத் போய்விட்டு வந்தேன். நர்போனுக்குப் பக்கத்து ஊர். ஒயின் ஜாடிகள் செய்த பெரிய ரோமானியப் பட்டறை அங்கே இருந்தது. ஃபானெத் லோபன்ஹைமர் 1976 முதல் தோண்டினார், சூளைகள் இருந்த இடத்துக்கு மேலேயே இப்போது அருங்காட்சியகம். பழைய முறையில் மறுபடி கட்டிய சூளையில் தீ மூட்டிப் பார்ப்பதும் உண்டு. முன்பொரு கோடையில் அதற்குக் கூடமாட வேலை செய்திருக்கிறேன். முதலில் நாள் முழுக்கச் சின்னத் தீ. மண்ணிலிருக்கும் ஈரம் போக வேண்டும், அவசரப்பட்டால் உள்ளே படார் என்று வெடிக்கும். இரவில் விறகை ஏற்ற ஏற்ற வாய்க்குள் நிறம் மாறும். மங்கல் சிவப்பு, செர்ரிப்பழச் சிவப்பு, ஆரஞ்சு. கை முடி பொசுங்கும் தூரத்தில் நின்று தள்ள வேண்டும். ஏட்டில் தீயறை, துளைத்தளம் என்று படிப்பதற்கும், அந்தப் பள்ளத்தில் நின்று விறகு தள்ளுவதற்கும் ரொம்ப வித்தியாசம். காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறதோ அதைப் பார்த்துச் சூளைவாய் வைப்பது எவ்வளவு முக்கியம் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அங்கே இன்னொன்றும் கிடைத்திருக்கிறது. பிறந்த சிசுக்களையும், பிறந்து சில மாதமே ஆன குழந்தைகளையும் பட்டறைக் கட்டடத்துக்குள்ளேயே புதைத்திருக்கிறார்கள். குயவர் குடும்பங்கள் அங்கேயே வாழ்ந்து, அங்கேயே பெற்று, அங்கேயே இழந்திருக்கிறார்கள். இது வேலைத்தளம் மட்டும் என்று நினைப்பவர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம்.

30 மார்ச்

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் கேள்வியில் காசு வந்ததே, அதற்குப் பதில் சொல்லாமலே போய்விட்டது.

பழைய அகழாய்வுகளில் அலங்காரம் உள்ளதையும் முத்திரை உள்ளதையும் எடுத்துக்கொண்டு, வெறும் ஓட்டைக் குழியிலேயே திருப்பிக் கொட்டிய கதை நிறைய. அதனால் எந்த வகை எவ்வளவு செய்தார்கள் என்ற விகிதமே அந்த இடங்களில் போய்விட்டது. இப்போது எல்லாவற்றையும் எடுக்கிறோம், எண்ணுகிறோம், எடை போடுகிறோம். எடுத்தது எங்கே போகிறது? நான் உதவிக்குப் போன ஒரு சேமிப்புக் கிடங்கில், நிலவறையில் ஈரம் ஏறி, பைகளில் கட்டிய சீட்டு பாதி அழிந்து கிடந்தது. எந்தக் குழி, எந்த அடுக்கு என்ற சீட்டு இல்லாத ஓடு வெறும் ஓடு. எத்தனையோ பேர் வெயிலில் முட்டி போட்டு எடுத்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் கோபம் அடங்கவில்லை. காசு குறைவு என்றால் ஒரு கோடைக்குப் புதுக் குழி வெட்டாதீர்கள். அலமாரி வாங்குங்கள், அழியாத மையில் சீட்டு எழுதுங்கள். இதைக் கோயில் தோண்டுகிறவர்களுக்கும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

2 ஏப்ரல்

நடைப்பயிற்சி போன வயலில் சிவப்பு ஓடு கிடந்ததாகப் படம் போட்ட தம்பிக்கு. உள்ளே வெள்ளைச் சுண்ணப் புள்ளிகளோடு வெளிர் சிவப்பு, மேலே மெல்லிய பளபளப்பு, உடைந்த ஓரம் கூர்மை. டெர்ரா சிகில்லாட்டாவாக இருக்க நல்ல வாய்ப்பு. படத்தில் பாதம் தெரியவில்லை, அதனால் வடிவம் சொல்ல முடியாது. பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவராதே. பக்கத்தில் ஒரு நாணயத்தை அளவுக்கு வைத்து மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று படம் எடு. உடைந்த ஓரத்தையும் கிட்டத்தில் எடு. போனில் இடத்தைக் குறித்துக்கொள். அக்கம்பக்கத்தில் வெந்த மண்கட்டியோ, கண்ணாடி போல உருகிய கட்டியோ, வளைந்து ஒட்டிய ஓடுகளோ கிடக்கிறதா என்று பார். கிடந்தால் மாகாணத் தொல்லியல் அலுவலகத்துக்கு அன்றைக்கே எழுது, நில உரிமையாளரிடமும் சொல். நம்ம ஊரில் அரிக்கமேடு மாதிரி இடம் என்றாலும் இதேதான், அது பாதுகாக்கப்பட்ட இடம். முத்திரை இருந்தால் வட்டத்துக்குள் இருக்கும் எழுத்தை விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்து இங்கே போடு, சேர்ந்து படித்துப் பார்ப்போம்.